எண்பத்தெட்டாம் நம்பர் கோட்டு

ஜூன் 8

அன்புள்ள அத்தைக்கு,

வணக்கம். வீட்டில் எல்லோரும் சௌக்கியம். அம்மாவுக்கு ஜலதோஷம் விட்டது. அப்பாவின் இடுப்பு வலி எப்போதும் போல. உங்கள் முழங்கால் எப்படி இருக்கிறது? நலம் விசாரித்து முடித்தால் மீதிக் கடிதம் தானாக வரும் என்று நீங்கள்தான் சொன்னீர்கள். விசாரித்துவிட்டேன். தானாக ஒன்றும் வரவில்லை.

இது போனில் பேசுகிற விஷயம் இல்லை. போன் கடைக் கவுண்டரில் இருக்கிறது. நான் "ஹலோ" என்றாலே இஸ்திரிக்காரர் பெட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு காது கொடுப்பார். அதனால்தான் கடிதம். அப்பாவுக்குத் தெரிய வேண்டாம்.

நம் சலவைக் கடையில் வாடிக்கையாளருக்குப் பெயர் கிடையாது, நம்பர்தான். உங்களுக்குத் தெரியாததா? 212 என்பது பல் டாக்டர் வீடு. என் கடைவாய்ப் பல்லைப் பிடுங்கினாரே, அவரேதான். அவருக்கு ஒரு மகள், என் வயது. ஒரு வருடமாக அந்த வீட்டுத் துணியை அவள்தான் கொண்டுவருகிறாள். போன மாதம் வரை நான் அவளிடம் பேசியது மொத்தம் இரண்டு வார்த்தை: "வியாழக்கிழமை ரெடி."

போன மாதம் வேறு ஏதாவது பேசிவிடுவது என்று கண்ணாடி முன்னால் நின்று ஒத்திகை பார்த்தேன். அவள் வந்தாள். என் வாயிலிருந்து வந்தது, "கோட்டுக்குக் கஞ்சி போடணுமா?" கோட்டுக்கு யாராவது கஞ்சி போடுவார்களா அத்தை? "வேண்டாம், அப்புறம் அது தனியா எழுந்து நடந்து போயிடும்" என்றாள். சிரித்தாளா, கேலி செய்தாளா என்று இன்றுவரை தெரியவில்லை.

என் வகுப்பில் எல்லாரும் யாரையாவது கூட்டிக்கொண்டு படத்துக்குப் போகிறார்கள். எப்படிக் கேட்பது என்று அவர்களுக்கு யார் சொல்லிக் கொடுத்தார்கள் என்று புரியவில்லை. எனக்கு வாய்தான் வராது, எழுத வரும். அதனால் எழுதினேன். நான்கு வரி. பழக்க தோஷத்தில் கீழே முழுப் பெயர், வகுப்பு, பிரிவு, வரிசை எண் எல்லாம் போட்டுவிட்டேன். அவளுடைய கறுப்புக் கோட்டு இஸ்திரி முடிந்து வந்ததும் உள் பாக்கெட்டில் வைத்தேன்.

துணி மாட்டியில் போவதற்கு முன் அப்பா இன்னொரு தடவை பாக்கெட்டுகளைப் பார்ப்பார் என்பதை மறந்தே போனேன். பிறந்ததிலிருந்து பார்க்கிறேன், அன்றைக்கு மறந்தேன்.

அப்பா அதை எடுத்தார். பிரிக்கவில்லை. கடை வழக்கப்படி கவரில் போட்டு, ஒட்டி, 212 என்று எழுதி, கோட்டின் கழுத்தில் ஊக்கால் குத்திவிட்டார். டாக்டர் குடும்பம் ஊரில் இல்லை. இருபத்தைந்தாம் தேதிக்கு மேல்தான் வருவார்கள். யார் வந்து வாங்குவார்களோ தெரியாது. டாக்டர் வந்தால் என் மீதிப் பற்களும் போய்விடும்.

என்ன செய்யட்டும்? உடனே எழுதுங்கள். கால்களைத் தூக்கி வைத்துக்கொண்டு எழுதுங்கள்.

இப்படிக்கு,
நெட்டை


ஜூன் 14

என் நெட்டைக்கு,

ஆசீர்வாதம். முழங்கால் அதன் பாட்டுக்கு வலிக்கிறது, நான் என் பாட்டுக்கு நடக்கிறேன். ஆஸ்பத்திரித் துணி அறையில் இந்த வாரம் எண்ணூறு போர்வை வந்தது. நல்லவேளை, போர்வைக்கும் தலையணை உறைக்கும் பாக்கெட் கிடையாது.

உன் கடிதத்தை வேலை நடுவில் படித்துவிட்டு வாய்விட்டுச் சிரித்தேன். கூட வேலை செய்கிற பெண்கள் என்ன என்று கேட்டார்கள். "என் தம்பி மகன் கோட்டுக்குக் கஞ்சி போடுகிறான்" என்றேன். அவர்களும் சிரித்தார்கள். கோபித்துக்கொள்ளாதே.

அந்தக் கடையை நினைத்தால் இன்னமும் மூக்கில் அந்த வாசனைதான் வருகிறது. நீராவியும் சோப்பும் மரமும் சேர்ந்த வாசனை. குளிர்காலத்தில் இஸ்திரி மேஜைக்குக் கீழேதான் நானும் உன் அப்பனும் உட்கார்ந்து வீட்டுப் பாடம் எழுதுவோம். எனக்கு அவனைவிட ஒன்பது வயது அதிகம். அவனுக்கு எண்ணச் சொல்லிக் கொடுத்ததே கோட்டு நம்பர் சீட்டுகளை வைத்துத்தான்.

ஒரு விஷயம் சொல்கிறேன். நீ செய்த காரியத்தை உன் அப்பனும் செய்திருக்கிறான். இதே வேலை. பதினேழு வயது. 88 என்று ஒரு வீடு. அந்த வீட்டுப் பெண்ணுக்கு ஒரு சாம்பல் நிறக் கோட்டு. எதிரில் அவள் வந்தால் இவன் தரையைப் பார்ப்பான், தரையில் என்னவோ எழுதி வைத்திருக்கிற மாதிரி. அவன்தான் அப்போது கடைசிப் பரிசோதனை செய்கிறவன், அதனால் கடிதம் சிக்காமல் போய்விட்டது. அதற்கு மேல் ஒன்றும் நடக்கவில்லை.

உன் விஷயத்துக்கு வருகிறேன். இதற்கா இத்தனை கலவரம்? கடை சாத்தும் நேரத்தில் ஊக்கைக் கழற்று, கவரை எடு, கிழித்துப் போடு. ஒருவருக்கும் தெரியாது. பரீட்சை முடியட்டும், மற்றதெல்லாம் பிறகு பார்க்கலாம். அம்மாவைக் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
அத்தை


ஜூன் 20

அன்புள்ள அத்தைக்கு,

வணக்கம். இங்கே நலம். உங்கள் கால் வலிக்கு அம்மா ஒரு எண்ணெய் வாங்கி வைத்திருக்கிறாள், அனுப்புவாள்.

நீங்கள் சொன்னபடி செய்துவிட்டேன். நேற்று அப்பா மாடிக்குப் போனதும் கவரை எடுத்தேன். ஊக்கு விரலில் குத்தியது. ஆனால் கிழிக்க முடியவில்லை அத்தை. மேலே அப்பா கையெழுத்தில் 212 என்று இருக்கிறது. ஜியோமெட்ரி பாக்ஸில் வைத்திருக்கிறேன். என் கடிதத்தை நானேதான் எடுத்தேன். ஆனாலும் யாருடைய வீட்டிலோ புகுந்து எடுத்த மாதிரி இருக்கிறது.

அப்பா ஒரு பெண்ணுக்குக் கடிதம் எழுதினார் என்பதை என்னால் கற்பனையே செய்ய முடியவில்லை. அப்பா யாரிடமும் எதையும் கேட்க மாட்டார். பஸ்ஸில் பக்கத்து ஆளிடம் மணி கேட்க மாட்டார். கடையில் மீதிச் சில்லறை தர மறந்தால் கேட்காமல் வந்துவிடுவார். அம்மா திட்டுவாள். கடைக் கதவில் மணி அடித்தால் மட்டும் சட்டென்று தலை தூக்கிப் பார்ப்பார், யாரோ வருவதாகச் சொல்லியிருந்த மாதிரி. அப்புறம் குனிந்துகொள்வார். எனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து அப்படித்தான்.

88 பதில் எழுதினாளா? ஒன்றும் நடக்கவில்லை என்றால், அவள் ஒன்றுமே சொல்லவில்லையா? முடிந்தால் எழுதுங்கள். எனக்கு அது தெரிய வேண்டும்போல இருக்கிறது.

இப்படிக்கு,
நெட்டை


ஜூலை 2

அன்புள்ள அத்தைக்கு,

உங்களிடமிருந்து பதில் இல்லை. உடம்பு சரியில்லையா? எண்ணெய் வந்து சேர்ந்ததா? இங்கே உடம்புக்கு யாருக்கும் ஒன்றும் இல்லை, ஆனால் வீடு நன்றாக இல்லை.

முந்தாநாள் டாக்டரே வந்து கோட்டுகளை வாங்கினார். அப்பா, "உங்க பொண்ணு கோட்டுல ஒரு காகிதம் இருந்தது டாக்டர், கவர்ல வச்சிருக்கேன்" என்று சொல்லிக்கொண்டே கோட்டைத் திருப்பினார். கவர் இல்லை. ஊக்கு குத்திய இரண்டு ஓட்டைதான் இருந்தது.

அப்பா முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். வேண்டாம், பார்க்காததே நல்லது. டாக்டர், "ஏதாவது பஸ் டிக்கெட்டா இருக்கும், விடுங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அப்பா விடவில்லை. அந்த இடுப்பை வைத்துக்கொண்டு தரையில் மண்டியிட்டு, மெஷினுக்குப் பின்னால் கையை விட்டுத் தேடினார். இஸ்திரிக்காரர், "நான் எதையும் தொடலை முதலாளி" என்று அழுகிற குரலில் சொன்னார். சாயங்காலம் அப்பா நல்ல சட்டை போட்டுக்கொண்டு டாக்டர் வீட்டுக்கே போய் மன்னிப்புக் கேட்டுவிட்டு வந்தார். எதையும் யாரிடமும் கேட்காத மனிதர், அத்தை.

வந்து அம்மாவிடம் சொன்னார்: "நாப்பது வருஷமா இந்தக் கடையில பாக்கெட்ல இருந்தது ஒரு துண்டுச் சீட்டுகூடத் தொலைஞ்சதில்லை. என் கையில தொலைஞ்சிருக்கு." சாப்பிடவில்லை.

நான் அங்கேதான் உட்கார்ந்திருந்தேன். ஜியோமெட்ரி பாக்ஸ் என் மடியில் இருந்தது. வாய் வரவில்லை. எனக்கு எப்போது வந்திருக்கிறது?

எழுதுங்கள் அத்தை.

நெட்டை


ஜூலை 7

கண்ணா,

நலம் விசாரிக்கிற நிலையில் நான் இல்லை, மன்னித்துக்கொள்.

உன் இரண்டு கடிதமும் என் தலையணைக்கு அடியில் இருக்கின்றன. முதல் கடிதத்துக்குப் பதில் எழுத நாலு தடவை உட்கார்ந்து நாலு தடவையும் எழுந்துவிட்டேன். இரண்டாவதைப் படித்த பிறகு எழுதாமல் இருந்தால் நான் மனுஷியே இல்லை.

கவரை எடுக்கச் சொன்னது நான். தப்பு என்னுடையது. அது எனக்கு இவ்வளவு சுலபமாக வாயில் வந்ததற்குக் காரணம், நான் அதை முன்பே ஒருமுறை செய்தவள்.

88 பதில் எழுதினாள்.

கடிதம் போய்ப் பதினைந்து நாள் கழித்து, அதே சாம்பல் கோட்டைக் கொண்டுவந்தாள். அழுக்கே இல்லாத கோட்டு. உன் அப்பன் அன்றைக்குத் துணி கொடுக்க வெளியே போயிருந்தான். கவுண்டரில் நான். அவள் போனதும் பாக்கெட்டைப் பார்த்தேன். ஒரு சின்ன உறை, ஒட்டியிருந்தது. மேலே, "கடைத் தம்பிக்கு." சாயங்காலம் அவனிடம் கொடுத்துவிடலாம் என்றுதான் இடுப்பில் செருகினேன். சாயங்காலம் வந்தது, கொடுக்கவில்லை. மறுநாளும் கொடுக்கவில்லை. வியாழக்கிழமை அவள் கோட்டு வாங்க வந்தாள். உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு, "உங்க தம்பி இல்லையா?" என்று கேட்டாள். அவன் பின்கட்டில்தான் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தான். "இல்லை" என்றேன். அவள் குடும்பம் அந்த வருடமே ஊர் மாறிப் போய்விட்டது.

அதற்கப்புறம் கதவு மணி அடிக்கும்போதெல்லாம் அவன் தலை தூக்குவான். நீ எழுதியிருக்கிறாயே, அது அன்றைக்குத் தொடங்கியது. நான் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். ஒன்றும் கேட்கவும் மாட்டான், சொல்லவும் மாட்டான். அந்த மணிச் சத்தத்துக்குப் பயந்தே இந்த ஊரில் வேலை கிடைத்ததும் ஓடி வந்துவிட்டேன்.

ஏன் செய்தேன் என்று கேட்பாய். எங்கள் அப்பா அப்போதுதான் படுக்கையில் விழுந்திருந்தார். இவனும் ஒரு பெண் பின்னால் போய்விட்டால் கடை என்ன ஆகும் என்று பயந்தேன். அது நிஜம்தான். வேறு காரணமும் உண்டு, எழுத வரவில்லை.

அந்த உறையை நான் பிரிக்கவில்லை. அது மட்டும் செய்யவில்லை. இன்னும் என்னிடம்தான் இருக்கிறது.

நீ என்னைப்போல இருக்காதே. இன்றைக்கே அப்பாவிடம் சொல். அடித்தால் வாங்கிக்கொள், அடிக்க மாட்டான். 88 கதையை மட்டும் நீ சொல்லாதே. அது நான் சொல்ல வேண்டியது.

அத்தை


ஜூலை 15

அன்புள்ள அத்தைக்கு,

நலம். நீங்கள் சாப்பிடுகிறீர்களா? தூங்குகிறீர்களா? நிஜமாகவே கேட்கிறேன்.

சொல்லிவிட்டேன். கடை சாத்தும் நேரத்தில் ஜியோமெட்ரி பாக்ஸைத் திறந்து கவரை மேஜையில் வைத்தேன். "நான்தான் எடுத்தேன்" என்றேன். அப்பா கவரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஒட்டினது ஒட்டினபடி இருக்கிறதா என்றுதான் பார்த்தார்.

"உள்ள இருக்கிறதை எழுதினது யாரு?"

"நான்தான்."

அப்பா கவரைக் கீழே வைத்தார். இஸ்திரிக்காரரைக் கூப்பிட்டு, "உங்க மேல சந்தேகப்பட்ட மாதிரி பேசிட்டேன், மனசுல வச்சுக்காதீங்க" என்றார். பிறகு என்னிடம் கவரை நீட்டினார். "பாக்கெட்ல இருந்தா அது கஸ்டமர் பொருள். போய்க் குடுத்துட்டு வா."

"அப்பா, அது நான் எழுதினது..."

"யாரு எழுதினா என்ன? போ."

போனேன். தெருமுனையில் இரண்டு தடவை திரும்பி, இரண்டு தடவையும் மறுபடி நடந்தேன். கதவைத் திறந்தது அவள்தான். நான் ஒரே மூச்சில் சொன்னேன்: "இது உங்க கோட்டுல இருந்தது. நான்தான் எழுதினேன், நான்தான் வச்சேன், நான்தான் எடுத்தேன், வியாழக்கிழமை ரெடி." கடைசி இரண்டு வார்த்தையும் ஏன் வந்தது என்று கேட்காதீர்கள்.

அவள் அங்கேயே நின்று பிரித்துப் படித்தாள். நான் அவர்கள் வீட்டுச் செருப்புகளை எண்ணிக்கொண்டிருந்தேன். ஏழு ஜோடி. "வரிசை எண் எதுக்கு?" என்று கேட்டாள். தெரியாது என்றேன். "யோசிச்சுச் சொல்றேன்" என்றாள். கதவைச் சாத்தவில்லை, மெதுவாகச் சேர்த்தாள். நான் அதையே இரண்டு நாளாக நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

வீட்டுக்கு வந்ததும் அப்பா கேட்டார், "கையில வாங்கிக்கிட்டாளா?" ஆமாம் என்றேன். "பதில் சொல்றேன்னு சொன்னாளா?" சொன்னாள் என்றேன். அப்பா தலையை ஆட்டிக்கொண்டே, "அப்ப சொல்லிடுவா" என்றார். அதை அவர் சொன்ன விதத்தைக் கேட்டபோது உங்கள் கடிதம் என் சட்டைப் பாக்கெட்டில் கனத்தது. 88 கதையை நான் சொல்லவில்லை. சீக்கிரம் எழுதுங்கள் அத்தை. அவருக்கு எழுதுங்கள்.

நெட்டை


ஜூலை 20

தம்பி,

நான் நலம். நீ, உன் மனைவி, பிள்ளை எல்லோரும் நலமாக இருக்க வேண்டும். உன் இடுப்புக்கு வென்னீர் ஒத்தடம் கொடுக்கிறாயா?

இத்துடன் ஒரு உறை வைத்திருக்கிறேன். மேலே இருக்கும் கையெழுத்து உனக்குத் தெரியாது, ஏனென்றால் நான் அதை உன் கண்ணில் காட்டவில்லை. 88 வீட்டுப் பெண் உனக்கு எழுதிய பதில் இது. இருபத்தெட்டு வருடத்துக்கு முன் சாம்பல் கோட்டின் வலது பாக்கெட்டில் இருந்தது. நான் எடுத்தேன். உனக்குத் தரவில்லை. அவள் உன்னைக் கேட்டபோது இல்லை என்று பொய் சொன்னேன். உள்ளே என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. அவள் உன்னை வரச் சொல்லியிருக்கலாம். ஏதோ ஒரு இடத்தில் உனக்காகக் காத்திருந்திருக்கலாம். இதையெல்லாம் நினைக்காத நாள் எனக்கு இல்லை.

பாக்கெட்டில் இருந்தது வாடிக்கையாளர் பொருள் என்று உன் பிள்ளையிடம் சொன்னாயாமே. இது உன் பொருள். தாமதமாகத் தருகிறேன்.

மன்னித்துவிடு என்று எழுதக் கை வரவில்லை, உனக்கு அப்படி ஒரு கட்டாயத்தை வைக்கக் கூடாது. எழுதினால் எழுது.

உன் அக்கா


ஆகஸ்ட் 12

அன்புள்ள அத்தைக்கு,

வணக்கம். உங்கள் உறை வந்து சேர்ந்தது. தபால்காரரிடம் வாங்கி அப்பாவிடம் கொடுத்தது நான்தான். உங்கள் கடிதத்தைக் கவுண்டரில் நின்றுகொண்டே படித்தார். சின்ன உறையைப் பிரிக்காமல் மாடிக்கு எடுத்துப் போனார். சாமான் அலமாரியில், மேல் தட்டில் வைத்தார். அங்கேதான் இருக்கிறது. போகும்போதும் வரும்போதும் பார்க்கிறார். அம்மா ஒருநாள், "பிரிச்சுத்தான் பாருங்களேன், உள்ள பாம்பா இருக்கு?" என்று கேட்டாள். அப்பா கீழே கடைக்குப் போய்விட்டார். உங்களைப் பற்றியும் ஒன்றும் சொல்லவில்லை. நல்லதாகவும் இல்லை, கெட்டதாகவும் இல்லை. எனக்குப் பயமாக இருக்கிறது.

என் சேதி ஒன்று இருக்கிறது. இந்த நேரத்தில் எழுதலாமா என்று யோசித்தேன். நீங்கள் திட்டினாலும் பரவாயில்லை.

212 கடைக்கு வந்தாள். கையில் துணியே இல்லை. "சனிக்கிழமை நூலகத்துக்குப் போறேன். வர்றதா இருந்தா வா" என்றாள். போனேன். நூலகத்தில் பேசக் கூடாது என்பது எனக்கு வசதியாக இருந்தது. அதற்கப்புறம் ஐஸ்கிரீம் கடைக்குப் போனோம், அங்கேதான் கஷ்டம். எதைப் பற்றிப் பேசுவது என்று தெரியாமல், மைக்கறையை எப்படி எடுப்பது என்று ஆரம்பித்தேன். முடிக்க நாற்பது நிமிடம் ஆகியது. எலுமிச்சை, உப்பு, பால், எதை எதற்கு முன்னால் என்று எல்லாம் சொன்னேன். என் ஐஸ்கிரீம் உருகி முழங்கை வரை வந்துவிட்டது. அவள், "இதுக்கு என்ன போடணும்?" என்று கேட்டாள். அப்போதுதான் கவனித்தேன்.

எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன். அடுத்த சனிக்கிழமை அவள் தம்பியின் சட்டையைக் கொண்டுவந்தாள். பாக்கெட்டில் இவ்வளவு பெரிய மைக்கறை. "செஞ்சு காட்டு" என்றாள். கறை போய்விட்டது. இதற்கு என்ன பெயர் என்று எனக்குத் தெரியவில்லை அத்தை. அவளிடமே கேட்டேன். "அதுக்குள்ள எதுக்குப் பேரு? அதுக்கும் ஒரு நம்பர் போட்டு வை" என்கிறாள்.

உங்கள் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

நெட்டை


ஆகஸ்ட் 18

கண்ணா,

நான் நலம், முழங்காலும் பரவாயில்லை. அம்மா அனுப்பிய எண்ணெய் நன்றாக வேலை செய்கிறது.

உன் சனிக்கிழமைகளைப் படித்தது சந்தோஷமாக இருந்தது. இந்த மாதத்தில் நான் சிரித்தது அந்த முழங்கைக்குத்தான். பரீட்சை, பிறகு பார்க்கலாம் என்றெல்லாம் உனக்கு எழுதினேனே, அதை அடித்துவிடு.

அப்பாவை நச்சரிக்காதே. பிரிக்கட்டும், பிரிக்காமல் இருக்கட்டும். தபால்காரர் இங்கே பதினோரு மணிக்கு வருவார். நான் துணி அறையிலிருந்து அந்த நேரத்துக்கு வாசலுக்கு வந்துவிடுகிறேன். வேலை செய்கிற பெண்கள் கேலி செய்கிறார்கள். இந்த வயதில் யாருடைய கடிதம் என்று கேட்கிறார்கள். செய்யட்டும். காத்திருப்பது எப்படி என்று எனக்கும் கொஞ்சம் தெரியத்தான் வேண்டும்.

அத்தை


செப்டம்பர் 9

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே எல்லோரும் நலம். இடுப்பு வலி குறைந்திருக்கிறது. உன் கடிதம் வந்து ஒன்றரை மாதத்துக்கு மேல் ஆகிவிட்டது. தாமதத்துக்குக் காரணம் வேலை என்று எழுதலாம். வேலை இல்லை.

ஐந்து வாரம் பிரிக்கப் பயமாக இருந்தது. போன மாதக் கடைசி ஞாயிற்றுக்கிழமை, கடை சாத்தியிருந்தபோது, இஸ்திரி மேஜையில் வைத்துப் பிரித்தேன். அதில் இருப்பதை அப்படியே எழுதுகிறேன், நீயும் இத்தனை வருடம் தெரியாமல் சுமந்திருக்கிறாய்.

"உங்கள் கடிதம் கிடைத்தது. எனக்குக் கோபம் இல்லை. ஆனால் எனக்கு அப்படி எண்ணம் இல்லை. நீங்கள் எப்போதும் தரையைப் பார்த்தே பேசுவதால் உங்கள் முகம்கூட எனக்குச் சரியாக நினைவில்லை. இனி யாரையாவது பிடித்தால் நிமிர்ந்து பார்த்துக் கேளுங்கள், நல்ல மனிதராகத்தான் தெரிகிறீர்கள். இதை உங்கள் கையிலேயே கொடுக்க நினைத்தேன், தைரியம் வரவில்லை. இந்தக் கோட்டின் இடது கைப் பித்தான் தளர்ந்திருக்கிறது, தைத்துத் தரவும்."

அவ்வளவுதான். எங்கேயும் எனக்காக யாரும் காத்திருக்கவில்லை அக்கா. நீ எனக்கு வரவேண்டிய வாழ்க்கை எதையும் பிடுங்கிக்கொள்ளவில்லை. இதைப் படித்ததும் நீ மூச்சு விடுவாய் என்று தெரியும். விட்டுக்கொள். அதற்கப்புறம் மீதியைப் படி.

எனக்குக் கோபம் வந்தது. அன்றைக்கு இல்லை, அடுத்த நாள். இந்த உறை அன்றைக்கே கிடைத்திருந்தால் ஒரு வாரம் சாப்பிடாமல் கிடந்திருப்பேன். நீயே திட்டிச் சாப்பிட வைத்திருப்பாய். எட்டாம் நாள் எழுந்து பித்தானைத் தைத்திருப்பேன். அதற்குப் பதிலாக நான் இரண்டு வருடம் கதவைப் பார்த்தேன், அதற்கப்புறம் பழக்கத்தில் பார்த்தேன். ஒரு பதிலுக்குக்கூட லாயக்கில்லாதவன் என்று அவள் நினைத்துவிட்டாள் என்றுதான் இருந்தேன். மாட்டேன் என்பது பதில். ஒன்றுமே வராமல் இருப்பது வேறு. அதற்கப்புறம் நான் யாரிடமும் எதையும் கேட்கவில்லை.

இதை என் மனைவியிடம் காட்டினேன். படித்துவிட்டு, "அந்தப் பொண்ணுக்கு அறிவு இருந்திருக்கு" என்று சிரித்தாள். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, "கல்யாணமான புதுசுல, சாப்பிட்டியான்னு ஒரு வார்த்தை கேக்கறதுக்கு உங்களுக்கு ஏழு மாசம் ஆச்சு. நான் திமிருன்னு நெனச்சு எத்தனை நாள் அழுதிருக்கேன் தெரியுமா?" என்றாள். எனக்குத் தெரியாது. நான் கேட்டதில்லை.

கோபம் போய்விட்டது என்று எழுத மாட்டேன். போய்க்கொண்டிருக்கிறது. பையன் சனிக்கிழமைதோறும் வெளியே கிளம்புகிறான். போன வாரம், "அந்தப் பொண்ணு எப்படிடா இருக்கா?" என்று கேட்டேன். சட்டையை மாட்டிக்கொண்டிருந்தவன் அப்படியே நின்றுவிட்டான். பிறகு அரைமணி நேரம் பேசினான். இவ்வளவு பேசுவானா என்று ஆச்சரியமாக இருந்தது.

கேட்பது அப்படி ஒன்றும் பெரிய காரியம் இல்லை என்று இந்த வயதில் தெரிகிறது. அதனால் உன்னிடமும் கேட்கிறேன். ஏன் எடுத்தாய் என்று கேட்கவில்லை, கடையும் அப்பாவும்தான் காரணம் என்று நீ எழுதினால் நான் நம்ப வேண்டியிருக்கும். நான் கேட்பது வேறு. அந்த உறை உன் கைக்கு வந்தபோது உனக்கு இருபத்தாறு வயது. காலையிலிருந்து இரவு வரை அந்தக் கவுண்டரில் நின்றாய். கடைக்குத் துணி வந்ததா, அப்பாவுக்கு மருந்து வந்ததா என்று எல்லோரும் உன்னிடம் கேட்டோம். உனக்கு என்ன வேண்டும் என்று அப்பா கேட்கவில்லை, அம்மா கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. நீ வேலை என்று ஊரை விட்டுப் போன அன்றைக்குக்கூட நான் பெட்டியைத்தான் தூக்கிக்கொடுத்தேன்.

அக்கா, உனக்கு யாராவது இருந்தாரா?

இருந்தார் என்றால் யார் என்று எழுது. இல்லை என்றால் இல்லை என்று எழுது. பதில் வரும்வரை நான் கதவைப் பார்த்துக்கொண்டிருக்க மாட்டேன், வராவிட்டால் மறுபடியும் எழுதிக் கேட்பேன்.

உன் தம்பி